கூழ் கப்பும் செகுண்டாவின் புகைபோக்கியும்

கேள்வி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்திருக்கிறது. கேட்டவர் கல்லூரி மாணவர். ஆடி மாதம் மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றும்போது பிளாஸ்டிக் கப் வேண்டாம் என்று இளைஞர்கள் சேர்ந்து கமிட்டியில் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஒரு பெரியவர், "உலகத்தையே நூறு கம்பெனி சேர்ந்து கொளுத்திக்கிட்டிருக்கு. எழுபத்தொரு சதவீதம் அவங்க விடுற புகை. நம்ம கூழ் கப்புல என்னப்பா ஆகப்போவுது?" என்று கேட்டதும் பேச்சு அத்தோடு நின்றுவிட்டதாம். "அவர் சொன்னது சரியா டீச்சர்? சரி என்றால் நாங்கள் செய்வதெல்லாம் வீண்தானா?" இதுதான் கேள்வி.

தம்பி, பெரியவர் போட்ட கணக்கு பெரும்பாலும் சரி. அதை வைத்து அவர் வந்து சேர்ந்த முடிவுதான் தவறு. முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். டர்பனின் தெற்கே மெர்பேங்க்கில் குடியிருக்கிறேன். இந்த விஷயத்தைப் பாடப்புத்தகத்தில் படித்ததைவிட எங்கள் தெருவில் பார்த்ததுதான் அதிகம். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கப்பின் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூழுக்கு 2,000 கப் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். கப் ஒன்றுக்கு 4 கிராம் என்றால் மொத்தம் 8 கிலோ பிளாஸ்டிக். ஒரு கிலோ பிளாஸ்டிக் செய்யும்போது சுமார் 2 முதல் 3 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாகும். தாராளமாக 3 என்றே போடுங்கள், 24 கிலோ வருகிறது. இப்போது ம்புமலாங்கா மாகாணத்துக்குப் போவோம். அங்கே செகுண்டாவில் சாசோல் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. நிலக்கரியிலிருந்து பெட்ரோல், டீசல் எடுக்கும் ஆலை. ஆண்டுக்குச் சுமார் 5.6 கோடி டன் பசுமைக்குடில் வாயு அங்கிருந்து மேலே போகிறது. நார்வே என்ற நாடு முழுவதும் ஓராண்டில் வெளிவிடுவதைவிட இது அதிகம். நொடிக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1,800 கிலோ. அதாவது உங்கள் கோவிலின் 24 கிலோவை செகுண்டா ஒரு நொடியின் எழுபத்தைந்தில் ஒரு பங்கில் விட்டுவிடுகிறது. ஒருமுறை கண்ணை இமைத்துத் திறப்பதற்குள் ஏழெட்டுக் கோவில்களின் கப் கணக்கு முடிந்துபோகும். அண்டாவில் கூழ் கொதிக்க எரிக்கும் விறகே கப்பைவிட அதிகமாகப் புகை விடும் என்றுகூடச் சொல்லலாம்.

ஆகவே, பருவநிலைக்காகக் கப்பை விடுகிறோம் என்று கமிட்டியில் சொன்னால் பெரியவரிடம் தோற்றுத்தான் போவீர்கள். கப்பை விட வேண்டிய காரணம் வேறு. எங்கள் பகுதியில் உம்லாஸ் கால்வாய் ஓடுகிறது. மழை பெய்து வடிந்த மறுநாள் அதன் கரையில் நின்று பாருங்கள். நாணலுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கப், மூடி, ஸ்பூன். 2022 வெள்ளத்துக்குப் பிறகு டர்பன் துறைமுகத்தில் நீரே தெரியாத அளவுக்குக் குப்பை மிதந்ததை எல்லாரும் பார்த்தோம். கப் சாக்கடைக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் சேர்ந்த பிரச்சினை. அங்கே உங்கள் 2,000 கப் குறைந்தால் 2,000 கப் குறைந்ததுதான், எந்தக் கம்பெனியும் குறுக்கே வராது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் கமிட்டியில் பேச்சு அடிபட்டுப் போனது.

அடுத்தது அந்த நூறு கம்பெனி. 2017இல் சிடிபி என்ற அமைப்பு, ரிச்சர்ட் ஹீடி என்ற ஆய்வாளரின் தரவுகளை வைத்து வெளியிட்ட அறிக்கையிலிருந்து வந்த எண் அது. 1988க்குப் பிறகு தொழில்துறை சார்ந்து வெளியான பசுமைக்குடில் வாயுக்களில் 71 சதவீதத்தை, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எடுக்கும் 100 நிறுவனங்களோடு சேர்த்துப் பார்க்கலாம் என்பதுதான் அதன் முடிவு. "தொழில்துறை சார்ந்து" என்ற சொல்லைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அதைவிட முக்கியமான ஒன்றையும் விட்டுவிடுகிறார்கள். அந்த 71 சதவீதத்தில் பத்தில் ஒன்பது பங்கு, அந்த நிறுவனங்கள் விற்ற பொருளை வாங்கியவர்கள் எரித்தபோது வந்தது. மின்நிலையம் எரித்தது, கப்பல் எரித்தது, என் பழைய டொயோட்டாவும் எரித்தது. பட்டியலில் சவுதி அராம்கோ, காஸ்ப்ரோம், கோல் இந்தியா என்று அரசாங்கங்கள் வைத்திருக்கும் நிறுவனங்களும் நிறைய உண்டு.

"அப்படியென்றால் அதை வாங்கி எரித்த நம்மேல்தானே பழி?" என்று சிலர் உடனே இந்தப் பக்கம் சாய்வார்கள். அதுவும் சரியில்லை. நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: வேறு வழி இருந்தும் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது யார்? அவர்கள்மேல்தான் பொறுப்பு விழ வேண்டும்.

என் வீட்டு கீசரையே எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்க மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிலக்கரியில் இருந்து வருகிறது. அரசு மின்நிறுவனமான எஸ்காம் அனுப்பும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கார்பன் டைஆக்சைடு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நான் வெந்நீரில் குளிக்க நினைத்தேன், நிலக்கரியை எரிக்க நினைக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் வேறு மின்சாரம் வாங்க எனக்கு வழியே இருந்ததில்லை. கீசருக்குப் போர்வை சுற்றலாம், சூட்டைக் குறைத்து வைக்கலாம், காசு இருந்தால் கூரையில் சூரிய வெந்நீர்க் கலன் வைக்கலாம். வீட்டில் செய்யக்கூடியவற்றில் உண்மையாகவே எடை உள்ள காரியம் இதுதான், ஸ்ட்ராவும் கப்பும் இதற்குப் பக்கத்தில் வராது. அதையெல்லாம் செய்தேன், செய்யவும் சொல்கிறேன். ஆனால் மின்நிலையத்தில் எதை எரிப்பது என்ற முடிவு என் குளியலறையில் எடுக்கப்படவில்லை.

அந்த முடிவு எடுக்கும் இடத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் முன்பே தெரியும். 1977இல் எக்ஸான் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எரிபொருள் எரிப்பதால் பூமி சூடாகும் என்று நிர்வாகத்திடமே எடுத்துச் சொன்னார். அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அக்காலத்தில் போட்ட வெப்பக் கணிப்புகளில் பெரும்பகுதி சரியாகவே பலித்தது என்பதை 2023இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. தெரிந்தும் வெளியே சந்தேகத்தைப் பரப்பினார்கள். தெரியாமல் கீசர் போட்ட எங்கள் ஆயாவையும் இவர்களையும் ஒரே தராசில் நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

இங்கே "கார்பன் கால்தடம்" என்ற சொல்லின் கதையையும் சொல்ல வேண்டும். ஒருவர் பூமிக்கு எவ்வளவு பாரம் என்று அளக்கும் யோசனை ஆய்வாளர்களுடையதுதான். ஆனால் 2004 வாக்கில் 'உங்கள் கால்தடம் எவ்வளவு, கணக்கிட்டுப் பாருங்கள்' என்று அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். அந்த விளம்பரங்கள் ஓடிய நாட்களில், மெர்பேங்க்குக்குத் தெற்கே பழைய விமான நிலையத்தை ஒட்டி சாப்ரெஃப் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு 1,80,000 பீப்பாய், நாட்டிலேயே பெரியது. அதில் பாதி ஷெல்லுக்கு, பாதி பிபிக்கு. ஆலையின் வேலிக்கு இந்தப் பக்கம் வசித்தவர்களும் அந்தக் கால்தடக் கணக்கில் சேர்ந்தவர்கள்தான் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எங்கள் ஊர்க் கதையை இனி கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் பக்கத்து வென்ட்வொர்த்தில் முதல் சுத்திகரிப்பு ஆலை 1954இல் வந்தது, பின்னாளில் எஞ்சன் ஆனது அதுதான். சாப்ரெஃப் 1963இல். இடையில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின்படி இந்தியர்களை மெர்பேங்க்கிலும், கலப்பினத்தவர் என்று முத்திரை குத்தியவர்களை வென்ட்வொர்த்திலும், ஆப்பிரிக்கர்களை உம்லாசியிலும் குடியேற்றினார்கள். புகைபோக்கியின் நிழலில் வீடு வேண்டும் என்று யாரும் விண்ணப்பம் போடவில்லை. 1860இல் 'ட்ரூரோ' கப்பலில் மதராஸிலிருந்து வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கரும்புக்காட்டுக்குப் பிறகு ஒதுக்கப்பட்ட இடம் இது.

என் வகுப்பில் முதல் வரிசை மேசைகளில் பென்சில் பெட்டிக்குப் பக்கத்தில் ஆஸ்துமா பம்ப் இருக்கும். சட்டைப் பையில் வைத்தால் விழுந்துவிடும் என்று பிள்ளைகள் மேசைமேல் வைத்துக்கொள்வார்கள். காற்று திரும்பும் நாட்களில் நான் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்தி ஜன்னலைச் சாத்துவேன், சொல்லாமலேயே இரண்டு பிள்ளைகள் எழுந்து மறுபக்க ஜன்னலைச் சாத்துவார்கள். அப்போது இதற்கு எண் எதுவும் எங்களிடம் இல்லை. பிறகு நட்டால் பல்கலைக்கழக மருத்துவர்களும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து மெர்பேங்க்கின் செட்லர்ஸ் ஆரம்பப் பள்ளியில் ஆய்வு செய்தபோது, பாதிக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஆஸ்துமா இருப்பது தெரியவந்தது.

எண் எப்படிக் கிடைக்கிறது என்பதே பெரிய பாடம். 2000 வாக்கில் கிரவுண்ட்வொர்க் அமைப்பும் தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பும் சேர்ந்து வாளியில் காற்று பிடிக்கும் முறையை இங்கே கொண்டுவந்தார்கள். கலிஃபோர்னியாவில் ஆலைகளுக்குப் பக்கத்தில் வசித்தவர்களுக்காக உருவான முறை. சாதாரண பிளாஸ்டிக் வாளி, இறுக்கமான மூடி. உள்ளே ஒரு விசேஷப் பை, அதிலிருந்து மூடிக்கு வெளியே ஒரு குழாய், திருகினால் திறக்கும். சின்ன பம்பை வைத்து வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால் பையைச் சுற்றி வெற்றிடம் வரும், குழாயைத் திறந்ததும் வெளிக்காற்று தானாகப் பைக்குள் இறங்கும். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் இயற்பியல். நாற்றம் வரும் நேரத்தில், நள்ளிரவானாலும், எழுந்து வந்து வாளியைத் திறக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

"நாற்றமா? உங்களுக்குத் தோன்றுகிறது" என்று சொன்னவர்களுக்கு முன்னால் காகிதத்தில் அச்சான எண்களை வைக்க முடிந்தது. இதற்கு முன்பும் மக்கள் சும்மா இருக்கவில்லை. 1995இல் எஞ்சன் ஆலைக்கு வந்த அதிபர் மண்டேலா, வழியில் பலகை பிடித்து நின்றவர்களைப் பார்த்து வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசினார். வென்ட்வொர்த்தில் வளர்ந்த பாபி பீக் 1998லும், டெஸ்மண்ட் டி'சா 2014லும் தெற்கு டர்பனின் மாசை எதிர்த்துப் போராடியதற்காகக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு பெற்றார்கள். அவர்கள் பெயர் வெளியே வந்தது. வாளி தூக்கிய ஆன்ட்டிகள், கோவில் மண்டபத்தைக் கூட்டத்துக்குத் திறந்துவிட்டவர்கள், புகார் எண்ணுக்குத் தினமும் போன் போட்டவர்கள் பெயர் எங்கும் வரவில்லை.

விளைவு? 2003க்குப் பிறகு நகராட்சியும் மத்திய அரசும் தெற்கு டர்பனுக்கென்று தனித் திட்டம் கொண்டுவந்து, ஆலைகளுக்கு வரம்பு போட்டு, அளக்கும் கருவிகளை நிறுவின. காற்றில் கந்தக டைஆக்சைடு கண்கூடாகக் குறைந்தது. ஆஸ்துமா போய்விட்டது என்று சொல்லவில்லை, ஆபத்தும் போகவில்லை. 2020 டிசம்பர் 4ஆம் தேதி காலை எஞ்சன் ஆலையில் வெடித்துத் தீப்பிடித்ததை ஊரே பார்த்தது. ஆனால் குறைந்தது குறைந்ததுதான். அது எப்படிக் குறைந்தது என்று யோசித்துப் பாருங்கள். மெர்பேங்க்கில் யாரும் காரை விற்றதால் குறையவில்லை. யாரும் பெட்ரோல் வாங்காமல் இருந்ததாலும் குறையவில்லை. அளந்தார்கள், கேட்டார்கள், சட்டம் வரும்வரை விடவில்லை.

ஈயம் கலந்த பெட்ரோலும் இப்படித்தான் போனது. 2006 ஜனவரியிலிருந்து தென்னாப்பிரிக்காவில் அது விற்பனையில் இல்லை. நல்ல மனசுள்ள ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக மாறட்டும் என்று காத்திருந்தால் இன்னும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு. 2020இல் கொரோனாவுக்காக உலகத்தில் பாதிப் பேர் வீட்டில் அடைந்து கிடந்தோம். விமானம் நின்றது, சாலை காலியானது. அப்படியும் அந்த ஆண்டு உலகின் கார்பன் டைஆக்சைடு குறைந்தது சுமார் 5 சதவீதம்தான். தனி மனிதர்கள் நடமாட்டத்தைச் சுருக்கிக் கொள்வதால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. மீதி 95 சதவீதம் அப்படியே இருந்தது, அதில் பெரும்பங்கு மின்நிலையத்திலும் ஆலைகளிலும்.

செகுண்டாவுக்குத் திரும்புவோம். அங்கே ஏன் இவ்வளவு புகை என்பது வேதியியல் டீச்சர் சொல்லியே ஆக வேண்டிய விஷயம். நிலக்கரியில் கார்பன் நிறைய, ஹைட்ரஜன் குறைவு. பெட்ரோலுக்கு ஹைட்ரஜன் நிறைய வேண்டும். அந்த ஹைட்ரஜனை நீராவியிலிருந்து பிடுங்கி எடுக்கிறார்கள். நீராவியின் ஆக்சிஜன் போய்க் கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடாக வெளியேறுகிறது. ஆகவே அந்தப் பெட்ரோல் எந்த வண்டியிலும் எரிவதற்கு முன்பே, அது பிறக்கும்போதே ஒரு பெரிய கடனோடு பிறக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, நிறவெறி அரசுக்கு வெளிநாட்டு எண்ணெய் கிடைக்காமல் போகலாம் என்ற பயத்தில் செகுண்டாவைக் கட்டினார்கள். அந்தப் பயம் போய் முப்பது வருஷம் ஆகிவிட்டது. ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே என் பெயரும் வருகிறது, தம்பி. ஆசிரியர்கள், நர்சுகள், போலீஸ்காரர்கள் எல்லாருடைய ஓய்வூதியமும் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியில் இருக்கிறது. சாசோலின் மிகப் பெரிய பங்குதாரர்களில் அந்த நிதி ஒன்று. மாதம் பிறந்தால் என் கணக்கில் விழும் பணத்தில் ஒரு துளி செகுண்டாவிலிருந்து வருகிறது. இது தெரிந்த நாளிலிருந்து என் கப்பைப் பற்றி யோசித்ததைவிட என் பென்ஷனைப் பற்றி அதிகம் யோசித்திருக்கிறேன். சங்கக் கூட்டத்தில் கேட்டேன். கடிதம் எழுதினேன். பங்குதாரர் கூட்டத்தில் நம் பெயரால் எப்படி வாக்களிக்கிறீர்கள் என்று கேட்பது நம் உரிமை. கேட்கிறவர் ஒருவர் என்றால் கடிதம் கோப்பில் போய்விடும். எங்கள் கிளையில் இப்போது கேட்கிறவர்கள் பதினான்கு பேர்.

அரசாங்கம் எங்கே என்று கேட்பீர்கள். 2019 ஜூன் 1 முதல் கார்பன் வரி இருக்கிறது. டன்னுக்கு 120 ராண்ட் என்று ஆரம்பித்தார்கள். ஆனால் 60 முதல் 95 சதவீதம் வரை விலக்கு கொடுத்ததால் கம்பெனிகள் உண்மையில் கட்டியது டன்னுக்கு 6 முதல் 48 ராண்ட்தான். டன்னுக்கு 6 ராண்ட் என்றால் ஒரு ரொட்டிகூட வாங்க முடியாத காசு. வரியின் அளவு பிறகு ஏறிக்கொண்டு வருகிறது. 2024 ஜூலையில் அதிபர் ராமபோசா கையெழுத்திட்ட பருவநிலை மாற்றச் சட்டம், பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் கார்பன் வரம்பு விதிக்க வழி செய்கிறது. வரம்பை எவ்வளவு இறுக்கமாக வைப்பார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த இடத்தில் கம்பெனிகளின் ஆட்கள் தினமும் உட்கார்ந்து பேசுகிறார்கள். நம் ஆட்கள் எத்தனை பேர் போகிறோம்?

நீதிமன்றமும் ஒரு வழி. ஷெல் நிறுவனம் வைல்ட் கோஸ்ட் கடலில் எண்ணெய் தேடி ஒலி அதிர்வு சோதனை நடத்த வந்தபோது, அங்குள்ள ஊர் மக்களும் மீனவர்களும் வழக்குப் போட்டார்கள். 2021 டிசம்பர் 28இல் மகண்டா நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், ஊராரிடம் முறையாகக் கலந்து பேசாமல் கொடுத்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பும் வந்தது. அந்த மக்களின் கார்பன் கால்தடம் எவ்வளவு இருக்கும்? உலகக் கணக்கில் எண்ணவே முடியாத அளவு. அவர்கள் செய்த காரியம் எவ்வளவு பெரியது!

சில கம்பெனிகளும் நாடுகளும் வேறு ஒரு வழியைக் காட்டும்: தன் புகையைக் குறைக்காமல், வேறு எங்கோ குறைத்த புகையைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வது. இதை நம்புவதற்கு முன் டர்பனின் கிளேர் எஸ்டேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தியக் குடியிருப்புக்கு நடுவே 1980இல் பிசாசர் ரோடு குப்பைமேட்டைத் திறந்தார்கள். அதை மூடுங்கள் என்று எதிர்வீட்டிலேயே வசித்த சஜீதா கான் பல ஆண்டு போராடினார். 2000களின் தொடக்கத்தில் குப்பையிலிருந்து வரும் மீத்தேனைப் பிடித்து மின்சாரம் எடுத்து, அப்படிக் குறைத்த புகையின் கணக்கை உலக வங்கி நிதிக்கு விற்கும் திட்டம் வந்தது. மீத்தேனைப் பிடிப்பது நல்லதுதான். ஆனால் குப்பைமேட்டால் வருமானம் வரத் தொடங்கினால் அதை மூட யாருக்கு மனசு வரும் என்று அவர் கேட்டார். 2007இல் புற்றுநோயால் அவர் இறந்தபோதும் லாரிகள் வந்துகொண்டுதான் இருந்தன.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 400க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டொங்காட்டில் குடிநீர் நிலையம் அடித்துப் போய் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மனிதர்களால் பூமி சூடாகியிராவிட்டால் சுமார் 40 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழை இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியதாகிவிட்டது என்று உலக வானிலைக் காரண ஆய்வுக் குழு கணக்கிட்டது. மழையின் அளவும் 4 முதல் 8 சதவீதம் கூடியிருந்தது. சரிந்து போன வீடுகளில் பெரும்பாலானவை ஆற்றங்கரையிலும் சரிவிலும் தகரம், பலகை வைத்துக் கட்டியவை. அந்த வீட்டில் இருந்தவர்கள் வாழ்நாள் முழுக்க எரித்தது ஒரு பெரிய வீட்டு நீச்சல் குளத்தின் மோட்டார் எரித்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதே வெள்ளத்தில் சாப்ரெஃப் ஆலையும் மூழ்கியது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் ஓட்டத்தை நிறுத்தியிருந்தார்கள், பிறகு அது திறக்கவே இல்லை. 2024இல் அரசின் மத்திய எரிசக்தி நிதியம் அதை 1 ராண்டுக்கு வாங்கியது. அறுபது ஆண்டு எண்ணெய் ஊறிய மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு கடைசியில் யார் தலையில் விழும் என்பதைத்தான் இப்போது நாங்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தனி மனிதர் செய்வதற்குப் பலனே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இந்த நாட்டு மக்கள் செய்ததைப் பாருங்கள். எஸ்காமின் மதிப்பீட்டின்படி 2022 மார்ச்சில் 983 மெகாவாட்டாக இருந்த கூரைச் சூரிய மின்சாரம் 2023 ஜூனில் 4,412 மெகாவாட். ஒன்றே கால் வருஷத்தில் நான்கு மடங்குக்கு மேல். அரசு பல ஆண்டாகப் பேசிக்கொண்டிருந்ததை வீடுகளும் கடைகளும் செய்து காட்டிவிட்டன. ஆனால் யார் வீட்டுக் கூரை அது? பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி வாங்கப் பணம் உள்ளவர் கூரை. வசதியானவர்கள் வாழும் உம்லாங்காவில் வெளிச்சம் வந்தது. சாட்ஸ்வொர்த் ஃபிளாட்டில் இருப்பவருக்குக் கூரையே சொந்தமில்லை, ஏறிய கட்டணம் மட்டும் சொந்தம்.

1990 முதல் 2015 வரை உலகில் வெளியான கார்பனில் 52 சதவீதத்துக்குக் காரணம் மிகப் பணக்காரர்களான 10 சதவீதம் பேர், ஏழைப் பாதிப் பேரின் பங்கு 7 சதவீதம் என்று ஆக்ஸ்ஃபாம் கணக்கிட்டது. ஆகவே தனிமனிதப் பொறுப்பு என்று பேசினால் அதை எல்லார் தலையிலும் சமமாகக் கொட்டக்கூடாது. ஆண்டுக்கு நான்கு முறை விமானம் ஏறுகிறவருக்குப் பொறுப்பு உண்டு. மினிபஸ் டாக்சியில் நெருக்கியடித்து வேலைக்குப் போகும் அம்மாவிடம் கால்தடம் கேட்பது அநியாயம்.

பெரியவர் இன்னொன்றும் கேட்கலாம்: "கம்பெனியை மூடினா நம்ம பையனுக்கு வேலை?" இதை லேசாக எடுக்காதீர்கள். வென்ட்வொர்த்தில் தலைமுறை தலைமுறையாகக் கொதிகலன் வேலையும் வெல்டிங்கும் செய்து சாப்பிட்ட குடும்பங்கள், எஞ்சன், சாப்ரெஃப் இரண்டு ஆலைகளும் நின்றதும் தெருவில் நிற்கின்றன. ம்புமலாங்காவில் கோமாட்டி மின்நிலையத்தை 2022 அக்டோபரில் மூடினார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் மாற்று வேலை பற்றிக் கேட்டால் கசப்புதான் வரும். அவர்கள் கோபம் நியாயமானது. நிலக்கரியை நிறுத்துவது வேறு, நிலக்கரி வெட்டியவரைக் கைவிடுவது வேறு. லாபம் பார்த்த காலத்திலேயே அந்த ஆட்களுக்கான பணத்தை எடுத்து வைக்கச் சொல்வதும் கம்பெனிப் பொறுப்பில் சேர்ந்ததுதான்.

சரி, கமிட்டியில் என்ன சொல்வது? பெரியவரிடம் போய், "நீங்க சொன்ன நூறு கம்பெனி கணக்கு சரிதான் தாத்தா" என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அவர் மெர்பேங்க்கிலோ கிளேர்வுட்டிலோ இருந்து வந்தவராக இருந்தால் அந்த நாற்றம் அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பிறகு, "அந்தக் கம்பெனிகளை என்ன செய்யலாம், நீங்களே முன்னால நில்லுங்க" என்று கேளுங்கள். காற்றில் கழிவு விடும் ஆலைகளில் சட்டம் பட்டியலிட்டவை நகராட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும், விண்ணப்பத்தைப் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும், பொதுமக்கள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லலாம். கோவில் கமிட்டியின் முத்திரையோடு போகும் ஒரு கடிதத்தை எந்த அலுவலகமும் எளிதில் குப்பையில் போடாது. கூழுக்கு வரிசையில் நிற்பவர்கள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். கையெழுத்து வாங்க ஒரு மேசை போதும்.

கப்புக்கும் வழி இருக்கிறது. எங்கள் கோவிலில் மூன்று வருஷமாக எவர்சில்வர் டம்ளர்தான். கழுவ ஆள் வேண்டும், அதுதான் சிரமம். முதல் வருஷம் நாங்கள் திணறிவிட்டோம், இப்போது பின்கட்டில் இரண்டு தொட்டி வைத்து முறை போட்டுச் செய்கிறோம். 400 டம்ளர் இருக்கிறது, உங்கள் பூசையும் எங்கள் பூசையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் எடுத்துப் போகலாம். வேன் கொண்டுவாருங்கள், சனிக்கிழமை மதியத்துக்குள் வந்தால் நானே எண்ணிக் கொடுக்கிறேன். அந்த மேசைக்கு வைக்க உரிம ஆட்சேபக் கடிதத்தின் மாதிரியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்து வைத்திருக்கிறேன்.